களிமண் அனிமேஷன் மற்ற அனிமேஷன்களிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று சந்தேகங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். ‘கோரலைன்’, ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ மாதிரியான பொம்மைப் படங்கள் எல்லாம் களிமண் அனிமேஷன்தானே என்பது ஒன்று. கம்ப்யூட்டரிலேயே அதே தோற்றம் கிடைக்கும்போது ஏன் இன்னும் சிலர் களியைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. வீட்டிலேயே ஒரு நிமிடப் படம் எடுக்க ஆசை, இதில் இறங்கலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மற்றவை செய்யாத எந்த வேலையைக் களிமண் செய்கிறது?

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி மறுபடி எடுத்து, எடுத்ததையெல்லாம் வரிசையாக ஓட்டினால் அது ஸ்டாப் மோஷன். அப்படி எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நகரும் பொருள் எதுவாகவும் இருக்கலாம். கம்பிமேல் சிலிக்கான் ரப்பர் போர்த்திய பொம்மை, வெட்டிய காகிதம், லெகோ கட்டை, கண்ணாடிமேல் பரப்பிய மணல், ஏன், ஆளையே நிறுத்தி வைத்தும் எடுக்கலாம். அந்தப் பொருள் களியாக இருந்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் உருவத்தையே விரலால் மாற்றினால்தான் அது களிமண் அனிமேஷன். ஆக எல்லாக் களிமண் அனிமேஷனும் ஸ்டாப் மோஷன். எல்லா ஸ்டாப் மோஷனும் களிமண் அல்ல.

இந்தக் கணக்கில் 1993இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ களிமண் படம் அல்ல. அதில் நாயகன் ஜாக் பேசும்போது வாய் அசைவதில்லை. முன்கூட்டியே வார்த்து வைத்த நூற்றுக்கணக்கான தலைகளில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிறார்கள். 2009இல் வந்த ‘கோரலைன்’ அந்த முகங்களை 3டி பிரிண்டரில் அச்சடித்தது. இரண்டிலும் முகபாவம் படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகிவிட்டது. 2000இல் வந்த ‘சிக்கன் ரன்’ பாதிக் களி. கோழிகளின் தலை பிளாஸ்டிசீன் என்ற காயாத களி, உடம்பு சிலிக்கான். இரண்டும் சேரும் கழுத்துக் கோட்டை மறைப்பதற்கு அந்தக் கழுத்துப் பட்டைகளும் பாசிகளும் கைகொடுக்கின்றன. அடுத்து 2006இல் வந்த ‘ஃப்ளஷ்ட் அவே’. பார்த்தால் அச்சு அசல் களி போலவே இருக்கும். ஆனால் முழுக்கக் கம்ப்யூட்டர். கதை சாக்கடைத் தண்ணீரில் நடக்கிறது. அவ்வளவு தண்ணீரோடு களிப் பொம்மைகளை வைத்துப் படம் எடுக்க முடியாது என்பதால் களிக்குப் பேர்போன ஆர்ட்மேன் ஸ்டுடியோவே கம்ப்யூட்டருக்குப் போனது. ‘க்ளேமேஷன்’ என்ற சொல்லும் குழப்பத்துக்கு ஒரு காரணம். அது அமெரிக்காவின் வில் வின்டன் தன் ஸ்டுடியோவுக்காகப் பதிவு செய்து வைத்த வணிகப் பெயர். பிறகு எல்லாரும் எல்லாப் பொம்மைப் படத்தையும் அப்படியே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வரலாம். களிமண் அனிமேஷனின் அடையாளம் அதன் தோற்றமோ விரல் ரேகையோ அல்ல. அடுத்த ஃபிரேமை உண்டாக்க வேண்டுமானால் இந்த ஃபிரேமை அழித்தாக வேண்டும் என்பதுதான். புன்னகை இன்னும் கொஞ்சம் விரிய வேண்டுமென்றால் இப்போதிருக்கும் புன்னகையைத்தான் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு முந்தையது கேமராவில் படமாக இருக்கும், பொம்மையில் இருக்காது.

கையால் வரையும் அனிமேஷனில் இப்படி இல்லை. முதலில் முக்கியமான நிலைகளை வரைந்துகொள்வார்கள்: குதிப்பதற்குக் குனிந்த நிலை, உச்சியில் இருக்கும் நிலை, தரையில் இறங்கிய நிலை. நடுவில் வருபவற்றைப் பிறகு நிரப்புவார்கள். ஏழாவது தாள் சரியில்லை என்றால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வரையலாம். கம்ப்யூட்டரில் இன்னும் சௌகரியம். உருவத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி ஒரு அமைப்பு, அதன் அசைவு எல்லாம் வளைகோடுகளாகச் சேமித்திருக்கும். கோட்டை இழுத்தால் அசைவு மாறும். முழு ஷாட்டும் முடிந்த பிறகு கேமராவை வேறு பக்கம் கொண்டுபோய் வைக்கலாம், விளக்கை மாற்றலாம். சிலிக்கான் தோல் போர்த்திய பொம்மை இவற்றுக்கும் களிக்கும் இடையில் நிற்கிறது. அதிலும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை நேர்வரிசையில்தான் போக வேண்டும். ஆனால் கையை மடக்கி நீட்டினால் தோல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். களி திரும்பாது. அது தனக்கு நேர்ந்ததையெல்லாம் உடம்பில் வைத்துக்கொள்ளும்.

அதனால்தான் களிமண்ணுக்கு மிக நெருங்கிய உறவு பொம்மைப் படம் அல்ல, கண்ணாடிமேல் மணலையோ எண்ணெய்ச் சாயத்தையோ பரப்பி எடுக்கும் படங்கள் என்பது என் கருத்து. ரஷ்ய அனிமேஷன் இயக்குநர் அலெக்சாந்தர் பெத்ரோவ் 1999இல் ‘கிழவனும் கடலும்’ படத்தைக் கண்ணாடிமேல் விரலால் சாயம் தேய்த்து எடுத்தார். அங்கேயும் பழைய படத்தை அழித்தால்தான் புதியது. இந்த வகைப்படுத்தலை எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாடப்புத்தகங்கள் களியைப் பொம்மை அனிமேஷனோடுதான் வைக்கும். ஆனால் வேலை செய்பவரின் கையிலிருந்து பார்த்தால் உறவு இப்படித்தான் தெரியும்.

கிட்டப் போய் ஒரு அசைவைப் பாருங்கள். 18 செ.மீ. உயரப் பொம்மை ஒன்று கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். முழங்கையை மடக்கியதும் உள்பக்கம் களி சுருங்கி மடிப்பு விழும். வெளிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும், இன்னும் கொஞ்சம் மடக்கினால் கம்பி பளிச்சென்று எட்டிப்பார்க்கும். உள்பக்கத்துப் பிதுக்கத்தைக் கட்டைவிரலால் வெளிப்பக்கம் தள்ளி, விரிசலை மூடி, ஈரத் துடைப்பானால் மேலோட்டமாக ஒரு தடவு தடவ வேண்டும். பிறகு ஒரு படம். இதையே முப்பது நாற்பது தடவை செய்தால் ஒவ்வொரு தடவையும் விரலில் ஒட்டிப்போன துளிக்களி சேர்ந்து, கை மெலிந்துவிடும். ஷாட்டின் ஆரம்பத்தையும் முடிவையும் அடுத்தடுத்து ஓட்டினால் பளிச்சென்று தெரியும். இதற்கு அனுபவசாலிகள் செய்வது எளிமையான வேலை: கை, தலை, மூக்கு ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிராம் களி என்று சமையலறை எடைத்தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொள்வது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ சிலிக்கானிலோ அச்சு எடுத்து வைத்து, ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் புதுக் கை பொருத்துவது. ஷாட்டின் நடுவே மாற்றக் கூடாது, அப்போது தாவல் தெரியும்.

கைபட்ட இடமெல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் மாறுவதால் பொம்மையின் மேற்பரப்பு கொதிப்பது போல நடுங்கும். இதைக் குறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர்களும் உண்டு, அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. விரல் ரேகை தெரிவதை ஆர்ட்மேன் மறைப்பதே இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அசையும் பாகத்தில் நடுக்கம் இருந்தால் உயிர் மாதிரி தோன்றும். அசையாமல் நிற்க வேண்டிய பாகத்தில் இருந்தால் கண்ணை உறுத்தும். எனவே தொடாமல் விடக்கூடிய இடத்தைத் தொடாதீர்கள்.

இவ்வளவு சிரமத்துக்குக் கிடைப்பது என்ன? இரண்டு விஷயங்கள். முதலாவது, உருமாற்றம். களியில் மூக்கு யானையாகலாம், யானை குடையாகலாம், நடுவில் வெட்டே இல்லாமல். வில் வின்டனும் பாப் கார்டினரும் எடுத்த ‘க்ளோஸ்டு மண்டேஸ்’, 1975இல் ஆஸ்கர் வாங்கிய எட்டு நிமிடக் குறும்படம். அதில் அருங்காட்சியகத்துக்குள் நுழையும் குடிகாரர் ஒருவரின் கண்முன் பொருட்கள் உருமாறிக்கொண்டே போகும். ஜோன் கிராட்ஸ் களியை ஓவியம் மாதிரி தட்டையாகப் பரப்பி, ஒரு புகழ்பெற்ற ஓவியம் இன்னொன்றாகக் குழைந்து மாறுவதை 1992இல் படமாக்கினார். இன்னொரு முறையில் களியை நீளமான கட்டியாக, உள்ளே உருவங்களைப் புதைத்துப் பிசைந்து வைத்து, முனையிலிருந்து மெல்லிய வில்லை வில்லையாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு படம் எடுப்பார்கள். டேவிட் டேனியல்ஸ் அதில் பேர்பெற்றவர். இவை எதையும் சிலிக்கான் பொம்மையால் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் செய்யும், ஆனால் அதற்கு ஒவ்வொரு உருமாற்றத்தையும் தனியே கட்டமைக்க வேண்டும். களியில் அது இயல்பாகவே வரும் வேலை.

இரண்டாவது, படப்பிடிப்பின்போதே முடிவாகும் நடிப்பு. ‘வாலஸ் அண்டு குரோமிட்’ படங்களில் வரும் நாய்க்கு வாய் கிடையாது. அந்தப் படங்களை உருவாக்கிய நிக் பார்க் முதலில் அதற்கும் குரல் கொடுக்கவே எண்ணியிருந்தார். அந்த வரிசையின் முதல் படமான ‘எ கிராண்ட் டே அவுட்’ எடுக்கும்போது புருவத்தை ஒரு மயிரிழை அசைத்தாலே போதும் என்று கண்டுகொண்டு கைவிட்டார். அந்தப் புருவம் கண்ணுக்குமேல் இருக்கும் ஒரு களி மேடு. வெளிமுனையை அழுத்தி நடுவைத் தூக்கினால் கவலை. நடுவை அழுத்தினால் எரிச்சல். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சந்தேகம். எவ்வளவு அழுத்துவது என்பதை அந்தக் கணத்தில் விரல்தான் தீர்மானிக்கிறது. முன்கூட்டி அச்சடித்த முகத்தில் நூறு வகைக் கவலை இருந்தாலும் நூற்றோராவது கிடைக்காது. 23 நிமிடப் படமான ‘எ கிராண்ட் டே அவுட்’, மாணவராக இருந்த நிக் பார்க் 1982இல் ஆரம்பித்து 1989இல்தான் வெளிவந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரில் அதே தோற்றம் வருமா என்றால், வரும். ரேகை, நடுக்கம், விநாடிக்குப் பன்னிரண்டு நிலை மட்டுமே மாறும் அசைவு எல்லாமே வரும். முடிந்த படத்தைப் பார்த்து எது எது என்று பார்வையாளர் எப்போதும் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லுகிறவர்களை நம்ப வேண்டாம். வித்தியாசம் முடிவெடுக்கும் வரிசையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கடைசிவரை மாற்றலாம் என்பதால் முடிவுகள் தள்ளிப்போகும், பலர் கைக்கு மாறும். களியில் ஒரே ஆள், ஒரே ஓட்டம். இது படத்தில் தெரிகிறது என்பது என் நம்பிக்கை. நிரூபிக்கக்கூடிய விஷயம் அல்ல.

இனி வீட்டில் எடுக்கும் வேலை. பிள்ளையார் பிடிக்கும் களிமண் இதற்கு உதவாது. அதில் இருப்பது தண்ணீர். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்து சுருங்கி வெடிக்கும். வேண்டியது எண்ணெய்ப் பசையுள்ள, காயாத களி. பிளாஸ்டிசீன் என்று வில்லியம் ஹார்பட் என்ற இங்கிலாந்து ஓவிய ஆசிரியர் 1897இல் உருவாக்கியது அதுதான்: சுண்ணாம்புத்தூள், பெட்ரோலியம் ஜெல்லி, கொழுப்பு அமிலம். நம் ஸ்டேஷனரி கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கும் களியும் இதே குடும்பம்தான், ஆனால் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மொத்தமாக வாங்கும் முன் கொஞ்சம் எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். சுண்டுவிரல் தடிமனில் ஒரு உருளை உருட்டி, அரை வட்டமாக வளைத்து மேசைமேல் நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் சாய்ந்தால் அது மிக மென்மையானது. வளைக்கும்போதே வெளிப்பக்கம் பிளந்தால் மிகக் கெட்டியானது. வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டினால் சிவப்பும் கறுப்பும் உங்கள் வெள்ளைக் களியை நாசமாக்கிவிடும். ஆர்ட்மேன் வெகுகாலம் பயன்படுத்தியது நியூபிளாஸ்ட் என்ற வகை. 2023இல் அதைத் தயாரித்த நிறுவனம் மூடியபோது பத்திரிகைகள் பதற்றமாக எழுதின. கையிருப்பு போதும் என்று ஸ்டுடியோ அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு களிக்குக் கை பழகிவிட்டால் மாற்றுவது அவ்வளவு லேசானது அல்ல. ஒரு படத்துக்கு வேண்டிய மொத்தக் களியையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவது இதனால்தான் நல்லது; அடுத்த பெட்டியில் நிறம் அரை மாற்று கூடவோ குறையவோ இருக்கும்.

வெப்பம் பெரிய எதிரி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் பிளாஸ்டிசீன் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், ரேகை ஆழமாகப் பதியும், பொம்மை தன் எடையிலேயே குனியும். ஏசி இல்லையென்றால் இரவில் எடுங்கள், எல்இடி விளக்கு மட்டும் போடுங்கள், ஷாட்டுக்கு முன் பொம்மையைப் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். அதிகம் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். அந்த ஈரத்தின்மேல் புதுக் களி ஒட்டாது.

உள்ளே கம்பி. அலுமினியக் கம்பிதான் சரி. ஜி.ஐ. கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் பின்வாங்கும். செம்பு வளைக்க வளைக்க இறுகி முறிந்துபோகும். 15 முதல் 18 செ.மீ. உயரப் பொம்மைக்கு 1.5 மி.மீ. கம்பி இரண்டு இழையை டிரில் மெஷினில் மாட்டி முறுக்கினால் கைக்குப் போதும்; காலுக்கும் முதுகுக்கும் 2 மி.மீ. இரண்டு இழை. முழங்கை, முழங்கால், மணிக்கட்டு இடங்களை மட்டும் வெறுமையாக விட்டு, நடுவில் எலும்பு இருக்க வேண்டிய நீளத்துக்கு, காய்ந்தால் இறுகும் எம்-சீல் பசையை உருட்டி ஒட்டிக் காயவிடுங்கள். இல்லையென்றால் கை ரப்பர் குழாய் மாதிரி எங்கே வேண்டுமானாலும் வளையும். எம்-சீல் மேல் நூல் சுற்றினால் களி வழுக்காமல் பிடிக்கும். தலைக்குள் கசக்கிய அலுமினியத் தாள் வைத்து எடையைக் குறையுங்கள். முழுக்கக் களித் தலை என்றால் கழுத்து தாங்காது. களிப் பொம்மைகளுக்கு ஏன் எப்போதும் பெரிய பாதம், தடித்த கால், குட்டைக் கழுத்து என்று கேட்டால், பாதி அழகுக்கு, பாதி நிற்பதற்கு. என்ன செய்தாலும் அலுமினியமும் ஒருநாள் முறியும், பெரும்பாலும் கணுக்காலில். அதனால் முக்கியப் பாத்திரத்துக்கு இரண்டு எலும்புக்கூடு செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

நடக்கும் பொம்மையைத் தரையோடு பிணைக்க வேண்டும். பாதத்துக்குள் ஒரு 3 மி.மீ. நட்டை எம்-சீலில் புதைத்து, செட்டின் பலகையில் துளையிட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்குவது உறுதியான வழி. கால் எடுத்ததும் அந்தத் துளையைத் தரை நிறக் களியால் அடைக்க வேண்டும். பாதத்தில் காந்தம், அடியில் இரும்புத் தகடு என்பது வேகமான வழி. ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது வழுக்கும்.

கண்ணைக் களியில் செய்யாதீர்கள். 8 மி.மீ. வெள்ளைப் பாசி மணி எடுத்து, அதன் துளையைச் சுற்றிக் கருவிழி வரைந்துவிடுங்கள், துளையே கண்மணியாகிவிடும். குண்டூசி முனையை அந்தத் துளையில் விட்டுத் திருப்பினால் பார்வை திரும்பும், முகத்தின் களியில் விரல் படாது. கண் குழியில் துளி வாஸ்லின் இருந்தால் சுலபமாகச் சுழலும். இமைக்க, முகத்தின் நிறத்திலேயே மெல்லிய பிறைகளாக வெட்டி ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள்: பாதி இமை, முழு இமை. பாதி, முழுசு, முழுசு, பாதி, இல்லை என்று ஐந்து படத்தில் ஒரு இமைப்பு முடியும். பொம்மை வேறு ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் இமைத்தால் உயிரோடு இருக்கும்.

வாய்க்கு, பேச்சை முதலில் பதிவு செய்து, எந்த ஃபிரேமில் எந்த ஒலி என்று தாளில் குறித்த பிறகே களியைத் தொட வேண்டும். தமிழுக்கு ஏழெட்டு வாய் போதும்: மூடியது, ஆ, ஈ-ஏ, ஓ, ஊ, கீழுதட்டைக் கடிக்கும் வ, நாக்கு தெரியும் த-ந-ல. ஆங்கிலப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு இடத்தில் தவறுவார்கள். தமிழில் இரட்டித்த மெய் நீளமாக ஒலிக்கும். ‘அம்மா’, ‘அப்பா’ சொல்லும்போது உதடு மூடிய நிலையைக் குறைந்தது இரண்டு படமாவது நிறுத்துங்கள். ஒரே படத்தில் திறந்துவிட்டால் பொம்மை ‘அமா’ என்று சொல்வது போலத் தெரியும், காதில் சரியாகக் கேட்டாலும். ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னதாக வாய் திறப்பது நன்றாக இருக்கும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். நீங்களே இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

கேமராவில் தானாக இயங்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்: ஃபோகஸ், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், லென்ஸின் அதிர்வுத் தடுப்பு. அப்படியும் படம் மினுக்கினால் காரணம் பெரும்பாலும் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சர்தான். டிஜிட்டல் லென்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் அபெர்ச்சரைச் சுருக்கித் திறக்கும். ஒவ்வொரு தடவையும் இம்மி வித்தியாசம் வரும். கையால் வளையம் திருப்பும் பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் இது ஒழியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் கால் விநாடி, அரை விநாடி என்று வைத்தால் அது சராசரியாகி மறைந்துவிடும். பொம்மை அசையப் போவதில்லை, எனவே மெதுவான ஷட்டரால் நஷ்டமில்லை. ஜன்னல் வெளிச்சம் வரவே கூடாது. நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் கணக்கில் வரும். வெள்ளைச் சட்டையோடு ஒவ்வொரு கிளிக்கிலும் வேறு வேறு இடத்தில் நின்றால் பொம்மைமேல் விழும் வெளிச்சம் மாறும். இருண்ட நிறத்தில், பஞ்சு உதிராத துணி போடுங்கள். போனில் எடுப்பதானால் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலி போதும். முந்தைய ஃபிரேமை நிழலாகக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. களிக்கு அது ஒன்றுதான் பின்னோக்கிய ஜன்னல்.

வேகமான அசைவில் எல்லா ஸ்டாப் மோஷனும் தடுமாறும். நிற்கும் பொருளைப் படமெடுப்பதால் அசைவின் மங்கல் படத்தில் விழாது, எனவே ஓட்டம் தெறித்துத் தெறித்துத் தெரியும். 1993இல் வந்த ‘தி ராங் ட்ரவுசர்ஸ்’ படத்தின் ரயில் துரத்தலில், நீண்ட எக்ஸ்போஷரின்போது கேமராவையும் ரயிலையும் சேர்த்து நகர்த்திப் பின்னணியை மங்கலாக்கினார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. களிக்கென்றே ஒரு சுலப வழி உண்டு: வேகமாக வீசும் கையை ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இழுத்து நீட்டி, அடுத்த படத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். கண் அதை வேகமாகவே வாசிக்கும். குதிக்கும் பொம்மையைக் கம்பியில் தாங்க வைத்து எடுத்துவிட்டு, அதே கேமரா நிலையில் பொம்மை இல்லாத வெறும் செட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிறகு அழிக்க அது வேண்டும். பலர் மறப்பது இந்தப் படத்தைத்தான்.

கடைசியாக, இறங்கலாமா என்ற கேள்வி. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு ஃபிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 நிலை. ஒரு நிமிடத்துக்கு 720 நிலை. அசைத்து, துடைத்து, சரிபார்த்து, கிளிக் செய்ய நிலைக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் 48 மணி நேரம். செட், பொம்மை, குரல், எடிட்டிங் இதில் சேரவில்லை. நன்கு பழகியவர்களே திரைப்படத்துக்காக எடுக்கும்போது ஒரு நாளில் சில விநாடிகள்தான் முடிக்கிறார்கள். ஒரு மாத விடுமுறை இருந்தால் செய்துவிடலாம். பத்து நாள் மட்டும் என்றால் 20 விநாடிப் படமாகச் சுருக்குங்கள். கதையில் கூட்டம், ஓட்டம், தண்ணீர், நீளமான வசனம் இவை இருந்தால் வேறு வகை அனிமேஷனுக்குப் போய்விடுங்கள். ஒரே பாத்திரம், ஒரே இடம், உருமாற்றமோ முகபாவமோ கதையின் மையம் என்றால் களியைவிடப் பொருத்தமானது வேறில்லை.

முழுப் படத்தில் கை வைக்கும் முன் கம்பியே இல்லாமல் ஓர் எலுமிச்சை அளவு உருண்டையை எடுத்து, அது தட்டையாகி, நிமிர்ந்து, சுற்றும்முற்றும் பார்த்து, மறுபடி உருண்டையாகும் 5 விநாடியை எடுங்கள். 60 கிளிக். ஒரே அமர்வில், நடுவில் எழுந்து போகாமல். இடைவேளை விட்டால் மேசை அசைந்திருக்கும், களி இளகியோ இறுகியோ இருக்கும், அந்த இடத்தில் ஒரு துள்ளல் விழும். முடித்ததும் அந்த உருண்டை ஆரம்பத்தில் இருந்ததைவிட எவ்வளவு சிறுத்திருக்கிறது என்று தராசில் வைத்துப் பாருங்கள்.